மைனியின் இரண்டு குரல்

மனிதர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மெஷினோடு சேர்ந்து ஒன்றாகிவிடப் போகிறார்கள் என்று டிவியில் ஒரு கோட்டுக்காரர் சொன்னார். அதற்கு இன்னும் வருஷங்கள் ஆகுமாம். நான் பல் செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு, இரும்பு வைத்த முழங்காலை நீட்டிக்கொண்டு, ஆபரேஷனில் கண்ணுக்குள் வைத்த லென்ஸ் வழியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஆளுக்குச் சேதி ரொம்ப லேட்டாகத்தான் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இதைக்கூட நான் எழுதவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், என் பெயரை எழுதி முடிப்பதற்குள் பேனா மை காய்ந்துவிடும். நான் சொல்லச் சொல்ல போன் எழுதுகிறது. "வந்துச்சு" என்று நான் சொன்னால் அது "வந்தது" என்று போட்டுக்கொள்கிறது. நான் தடுப்பதில்லை. ஓசியில் ஒருத்தன் சேலைக்கு இஸ்திரி போட்டுத் தந்தால் வேண்டாம் என்றா சொல்வோம்?

சொல்ல வந்தது மைனி கதை. மைனி என்றால் என் அண்ணன் மனைவி. தாராவியில் அவள் கோலியும் என் கோலியும் எதிரெதிரே. கோலி என்றால் பம்பாயில் ஒற்றை அறை வீடு. நடுவில் இருந்த சந்தில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி என் அடுப்பில் உப்புப் பார்க்கலாம். பார்த்தாள். பார்த்துவிட்டு உப்பு போதாது என்றும் சொன்னாள். அங்கிருந்துதான் சண்டை தொடங்கும். காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் ஒன்று, சாயங்காலம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒன்று. எங்கள் சண்டையை வைத்துத்தான் பக்கத்துக் கோலிக்காரர்கள் கடிகாரம் திருத்திக்கொண்டார்கள் என்று அண்ணன் சொல்வான்.

அண்ணன் போனபிறகு மைனியின் மகன் செம்பூர் திலக் நகரில் ஃபிளாட் வாங்கி அவளை அழைத்துக்கொண்டு போனான். அதற்கப்புறம் எங்கள் சண்டை போனுக்கு மாறியது. எனக்குப் படிக்கத் தெரியாது என்பதால் மைனி எனக்கு எழுதி அனுப்பமாட்டாள், பேசி அனுப்புவாள். அவள் குரல் சின்னப் பட்டை மாதிரி வந்து நிற்கும், நான் தட்டிக் கேட்பேன். "ஏட்டி, என் சம்படத்தைத் திருப்பித் தர இன்னும் எத்தனை பொங்கல் ஆகணும்?" என்று முறுக்கு டப்பாவுக்காக ஒன்று. "உன் மருமவ என் மருமவகிட்ட என்னத்தச் சொன்னா?" என்று ஒன்று. நல்ல சேதியாக இருந்தால் மைனி நேரில்தான் வருவாள், கையில் முறுக்கோடு. சண்டைக்கு எதற்கு பஸ் காசு என்று அதை மட்டும் போனில் அனுப்பிவிடுவாள். கெட்டிக்காரி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. டாக்டர்கள் அறுத்தார்கள். உயிரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குரலை எடுத்துக்கொண்டார்கள். கழுத்தில் ஒரு சின்ன ஓட்டை மட்டும் மிச்சம்.

மைனி ஐந்தாவது வரை படித்தவள், தாராவி முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். அதனால் ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தார்கள். வீட்டில் மற்றவர்களுக்கு எழுதிக் காட்டினாள், சமாளித்தாள். நான் பார்க்கப் போனபோது என்னைப் பார்த்ததும் கண்ணெல்லாம் பளபளவென்று ஆகி, சிலேட்டு முழுக்க நெருக்கி எழுதி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். எவ்வளவு நாள் சேர்த்து வைத்த ஏச்சோ தெரியாது. நான் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, சரி மைனி, அப்படியே செய்கிறேன் என்றேன். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது, என்னை ஏச இனி உலகத்தில் ஆளே இல்லையே என்று நினைத்து நினைத்து, இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட்டேன்.

மைனிக்கு ஒரு பேத்தி. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தமிழ் படிக்கத் தடுமாறுவாள், இந்தியில் சரளமாகச் சண்டை போடுவாள், ஆனால் தங்கமான பிள்ளை. எனக்கு அவள் வைத்த பெயர் தாராவி ஆச்சி. ஒருநாள் என் கோலிக்கு வந்து போனைக் கேட்டாள். ஒருத்தருடைய பழைய பேச்சை மெஷினுக்குக் கேட்கக் கொடுத்தால், அவர் எழுதுவதை அதே குரலில் மெஷின் பேசுமாம். வீட்டில் எல்லோர் போனையும் தேடியிருக்கிறாள். ஒருத்தரிடமும் மைனியின் குரல் இல்லை. எல்லோரும் படித்தவர்கள், மைனி அவர்களுக்கு எழுதியே அனுப்பியிருக்கிறாள்.

"தாராவி ஆச்சி, உங்க போன்ல இருக்கா? எதையும் அழிக்கலயே?"

"அழிக்கத் தெரிஞ்சா என்னைக்கோ அழிச்சிருப்பேனே மக்கா."

அத்தனையும் இருந்தது. அவள் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில், எங்க ஆச்சி உங்ககிட்ட சாதாரணமாப் பேசினதே இல்லையா என்று கேட்டாள். சாதாரணமாகப் பேச எங்களுக்கு என்ன விஷயம் இருந்தது என்றேன்.

மெஷின் பாவம், அதற்கு வேறு குரல் கிடைக்கவில்லை. வருஷக்கணக்கான சண்டையைக் கேட்டு அது மைனியைக் கற்றுக்கொண்டது. முதல் நாள் எல்லோரும் சுற்றி நிற்க, மைனி ஒற்றை விரலால் போனில் "தண்ணி குடு" என்று எழுதி அமுக்கினாள். அது மைனியின் குரலேதான். ஆனால் குழாயடியில் யாரோ அவள் குடத்தைத் தள்ளி வைத்துவிட்ட மாதிரி வந்தது. உள்ளே இருந்த மருமகள் செம்பைக் கீழே போட்டாள். பிறகு எல்லோரும் அழுதோம். மைனி மட்டும் அழவில்லை, உடனே அடுத்ததை எழுத ஆரம்பித்துவிட்டாள்.

அந்தப் போனுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. மைனி ஒரு வார்த்தை எழுதினால் அடுத்து என்ன சொல்வாள் என்று அதுவே யோசித்து மூன்று வாக்கியம் காட்டும். பிடித்ததைத் தொட்டால் போதும், முழுசாகப் பேசிவிடும். "சாப்பாடு" என்று எழுதினால் "ஆறிப்போகுது, வந்து தொலைங்க" என்று காட்டும். நாளாக ஆக அதன் யோசனை கூடிக்கொண்டே போனது. அது காட்டுவதை மைனி தொடுவாள், தொட்டதைப் பார்த்து அது இன்னும் படிக்கும். சில நேரம் அவள் ஒரு எழுத்துதான் தட்டியிருப்பாள், முழு ஏச்சும் வந்து விழும். இது நீயா மைனி, இல்லை அதுவா என்று கேட்பேன். தோளைக் குலுக்குவாள்.

இந்தி வேறு பேசியது. அறுபது வருஷத்துக்கு மேல் பம்பாயில் இருந்தும் மைனிக்கு இந்தி என்றால் இங்கே வா, அங்கே போ, கம்மி பண்ணு, அவ்வளவுதான். இப்போது தமிழில் எழுதினால் அவள் குரலிலேயே சுத்தமான இந்தி வந்தது, அதே கோபத்தோடு. செம்பூர் மார்க்கெட்டில் தக்காளி விலையை மரியாதையாகத்தான் கேட்டாள். கடைக்காரன் எழுந்து நின்றுவிட்டான்.

இப்படி இருக்கும்போதுதான் பேத்திக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை வீடு மாட்டுங்கா. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள்தான், ஆனால் மூன்று தலைமுறையாக மாட்டுங்கா ஐயர்மார்களோடு ஆபீஸ் உத்தியோகம் பார்த்துப் பார்த்துப் பேச்சு மெத்தை மாதிரி ஆகிவிட்டவர்கள். பையனும் பெண்ணும் அவர்களாகவே பேசி முடித்துவிட்டார்கள். பெரியவர்களுக்கு மிச்சம் வைத்தது நிச்சயம் ஒன்றுதான்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நிச்சயத்தில் ஓலை எழுதலாம், மோதிரம் மாற்றலாம், கேக் கூட வெட்டட்டும். ஆனால் பெண் வீட்டின் மூத்தவர் சபையில் வாய்விட்டு மூன்று தரம் "தாறேன்" என்று சொன்னால்தான் மாப்பிள்ளை வீட்டு மூத்தவர் தாம்பாளத்தைக் கையில் வாங்குவார். தலையாட்டினால் செல்லாது. அண்ணன் இல்லாத வீட்டில் அந்த மூத்தவர் மைனி. பேத்தி பிறந்த அன்றைக்கே, இவளை நான்தான் வாயால் கொடுப்பேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னவள் அவள். ஆபரேஷனுக்குப் போகும் முன்னால்கூட அதைத்தான் சொல்லி வருத்தப்பட்டாள்.

வாய் இல்லாதவள் வாய்விட்டு எப்படிச் சொல்வாள்? போன் சொல்லும் என்றாள் பேத்தி. ஆனால் இந்தக் குரலில் சொன்னால் மாட்டுங்காக்காரர்கள் வந்த வழியே ஓடிவிடுவார்கள் என்று அவளுக்கே பயம். ராத்திரி பகலாக ஏதோ செய்து, கோபத்தையெல்லாம் வடிகட்டி இரண்டாவது குரல் ஒன்று தயார் பண்ணினாள். போனில் இரண்டு பொத்தான். சிவப்பைத் தொட்டால் பழைய குரல், பச்சையைத் தொட்டால் புதுக்குரல். நான் அவற்றுக்குத் தாராவிக் குரல், மாட்டுங்காக் குரல் என்று பெயர் வைத்தேன். மாட்டுங்காக் குரலை முதல் தடவை கேட்டதும் மைனி சிலேட்டை எடுத்து ஏதோ எழுதினாள். என்ன என்று கேட்டேன், பேத்தி படித்துச் சொன்னாள். "யாரு இவ?"

ஆனாலும் பேத்திக்காக ஒத்துக்கொண்டாள்.

நிச்சயத்துக்கு இரண்டு நாளைக்கு முன்னால் மைனியின் மகன் என்னைப் பார்க்க வந்தான். எதற்கும் இருக்கட்டும், மாப்பிள்ளையின் பெரியப்பா மெஷின் வாக்கை ஏற்கவில்லை என்றால் அம்மாவுக்குப் பதிலாக நான் சொல்லிவிட வேண்டும் என்றான். அடுத்த மூத்தவள் நான்தானே. அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்றும் சொன்னான். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. சபை நடுவே மைனி இடத்தில் நான் நின்று பேசுவது என்றால் சும்மாவா? புதுச் சேலைக்குக் கஞ்சி போட்டு வைத்தேன்.

நிச்சயம் திலக் நகரில், கட்டடத்துக்குக் கீழே இருக்கும் சின்ன ஹாலில். ஜமுக்காளம் விரித்து இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். மாப்பிள்ளையின் பெரியப்பா ரயில்வே ஆபீஸில் இருந்து ரிட்டையர் ஆனவர். நல்ல மனிதர், முறை தவறாதவர். தாம்பாளத்தை எதிரே வைத்துக்கொண்டு மைனியைப் பார்த்துக் கும்பிட்டு, சொல்லுங்கம்மா என்றார்.

மைனி பச்சையைத் தொட்டாள். மாட்டுங்காக் குரல் பன்னீர் தெளித்த மாதிரி வந்தது. எங்கள் பேத்தியை உங்கள் இல்லத்துக்கு மகிழ்ச்சியுடன் தருகிறோம், தருகிறோம், தருகிறோம்.

பெரியப்பா தாம்பாளத்தைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் போனையே பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கோ. நான் முப்பத்தஞ்சு வருஷம் ரயில்வேல இருந்தவன். தாமதத்துக்கு வருந்துகிறோம்னு தினம் ஸ்பீக்கர்ல ஒரு அம்மா சொல்லுவா. ஒருநாளும் அவ வருந்தினது இல்லை. இதுவும் எனக்கு அப்படித்தான் கேக்கறது. எங்களுக்கு இந்த வீட்டு மனுஷி வாக்கு வேணும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. பேத்தி தலையைக் குனிந்துகொண்டாள். மைனியைப் பார்த்தேன். போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். அறுபது வருஷமாக அவளைத் தெரியும் எனக்கு, சண்டையில் அவள் தரையைப் பார்த்து நான் பார்த்ததே இல்லை. அவள் மகன் என்னைப் பார்த்தான். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் எழுந்தேன். வேண்டுமென்றே மெதுவாக எழுந்தேன், முந்தானையை உதறினேன்.

"அவ கெடக்கா பாவம், அவளுக்கு முடியாது. நான் சொல்லுதேன். எங்க அண்ணன் வீட்டுக்கு இப்ப நான்தான் பெரியவ. எங்க பேத்தியை—"

மைனியைச் சீண்டத்தான் அப்படிச் சொன்னேனா, இல்லை நிஜமாகவே சொல்லி முடித்திருப்பேனா என்று இன்றுவரை என் பிள்ளைகள் கேட்கிறார்கள். எனக்கும் சரியாகத் தெரியாது. இரண்டும் பாதிப் பாதி இருந்திருக்கும்.

மைனியின் தலை நிமிர்ந்தது. எனக்கு அந்தப் பார்வை தெரியும், குழாயடிப் பார்வை. போனைத் திருப்பினாள், சிவப்பைத் தொட்டாள், விரல் டக்டக்கென்று ஓடியது. ஒற்றை விரல்காரிக்கு இது ரொம்ப வேகம் என்று எனக்கே தோன்றியது. அதற்குள் அது வெடித்துவிட்டது.

"ஏட்டி, உக்காரு. உங்க அண்ணன் உயிரோட இருந்தப்பவே உன்னை எங்க வீட்டு விஷயத்துல வாய் வைக்க விட்டதில்ல, இப்ப விட்டுருவேனா? யாருட்டி முடியாதவ? எம் பேத்தி. நான்தான் குடுப்பேன். தாறேன். தாறேன். தாறேன்."

கடைசித் தாறேன் சுவரில் மோதித் திரும்பி வந்தது. வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் உள்ளே எட்டிப் பார்த்தான். மாட்டுங்கா வீட்டுப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் குரல் உட்காரச் சொன்னால் என் கால் என்னைக் கேட்காமலே மடங்கிவிடும், இரும்பு வைத்த கால் உட்பட.

பெரியப்பா இரண்டு கையாலும் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டார். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு.

"வாங்கிண்டோம். மெஷினுக்கு இவ்வளவு கோபம் வராது. இது நீங்கதான்."

மைனி கும்பிட்டாள். அப்போதுதான் அவள் அழுதாள். பேத்தி ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொள்ளப் போய், ஓட்டை இருப்பது ஞாபகம் வந்து, தோளைக் கட்டிக்கொண்டாள். என்னை யாரும் கவனிக்கவில்லை. கஞ்சி போட்ட சேலை வீண்தான் என்று நினைத்துக்கொண்டு ஒரு ஜாங்கிரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

எல்லோரும் போனபிறகு நானும் மைனியும் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து மிச்சமிருந்த பலகாரத்தை டப்பாவில் அடுக்கினோம். எனக்கு அந்த வேகம் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அவ்வளவு நீளத்தை ஒற்றை விரலால் அவ்வளவு சீக்கிரம் எப்படி எழுதினாய் என்று கேட்டேன். மைனி வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். போன் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு எழுதி அமுக்கினாள்.

"ஏட்டி உக்காரு, அது நான். எம் பேத்தி நான்தான் குடுப்பேன், அதுவும் நான்."

"எங்க அண்ணன் சங்கதி?"

"அது போன் காட்டுச்சு. எனக்கும் சரின்னு பட்டுச்சு, தொட்டேன்."

"தாறேன் மூணும்?"

மைனி ஒரு விரலைக் காட்டித் தன் நெஞ்சைத் தொட்டாள். பிறகு இரண்டு விரலைக் காட்டிப் போனைத் தொட்டாள்.

நான் சிரித்த சிரிப்பில் பல் செட் ஜாங்கிரி டப்பாவுக்குள் விழப் பார்த்தது. அப்படியானால் பெண்ணைக் கொடுத்ததில் மூன்றில் இரண்டு பங்கு அதுதானே என்றேன். மைனி அதற்குக் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. வேகமாக எழுதினாள். அதன் ஏச்செல்லாம் என் ஏச்சு, என்னிடம் படித்ததுதானே, பெற்ற பிள்ளை அம்மாவுக்காகப் பேசினால் அது யார் பேச்சு என்று கேட்டாள். அந்தக் கோட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும். எந்த இடத்தில் மைனி முடிந்து எந்த இடத்தில் போன் ஆரம்பித்தது என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். அண்ணனைப் பற்றிய வரி அவள் எனக்கு என்றோ அனுப்பிய ஏச்சுதான். நான் அழிக்காமல் வைத்திருந்தேன், மெஷின் மறக்காமல் வைத்திருந்தது, அவள் தொட்டுச் சொன்னாள். ஆக அந்தத் தாறேனில் எனக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது. இதை மட்டும் மைனியிடம் சொல்லவில்லை. சொன்னால் சீர் வரிசையில் பங்கு கேட்கிறேன் என்பாள்.

மாப்பிள்ளையின் பெரியப்பாவிடம் மூச்சு விடக்கூடாது என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். நானும் இதுவரை விடவில்லை. இப்போது அவர் இதைப் படித்தால் படிக்கட்டும். கல்யாணம் முடிந்து பேத்திக்கு வயிற்றில் பிள்ளை, இது ஏழாவது மாதம். இனிமேல் தாம்பாளத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாலும் நாங்கள் வாங்கமாட்டோம்.